முன்னாள் மாணவர் சந்திப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த பள்ளி மாணவரை, அங்கே படித்து முடித்த ஒருவர் ஊதியமின்றிச் சந்தித்து உரையாடும் வழக்கம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்றவற்றில் சந்தித்தவரின் அறிக்கை சேர்க்கைக் குழுவுக்குப் போகும். கார்னெலில் சந்திப்பு ஐயம் தீர்க்கவே, மதிப்பீடு இல்லை. காபிக் கடையிலோ நூலகத்திலோ, 2020க்குப் பின் காணொளியிலோ பேசுவர். மதிப்பெண் பட்டியல் பொதுவாகச் சந்திப்பவர் கையில் இராது. எதைச் சொல்லும்போது மாணவரின் முகம் மலர்கிறது என்பதையும் அவர் கவனிப்பார்.

1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை யூத மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கக் 'குணநலன்' அளவுகோலைக் கொண்டுவந்தபோது நேர்காணலும் அதற்குக் கருவியாயிற்று. மறைக்கக்கூடாத கறை இது. 2018இல் பாஸ்டனில் நடந்த, ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிரான வழக்கின் விசாரணையில், ஆசிய அமெரிக்கருக்குச் சேர்க்கை அலுவலகம் குறைவாக அளித்த ஆளுமை மதிப்பீடு, நேரில் கண்ட முன்னாள் மாணவர்களின் மதிப்பீட்டோடு ஒப்பிடப்பட்டது.