விடுபட்ட ஓர் எண்: இராமானுசனின் உயர் பகு எண் பட்டியல்

சீனிவாச இராமானுசன் 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். தலைவராக சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலதிகாரியாகக் கணிதம் அறிந்த எஸ். நாராயண ஐயரும் இருந்தனர். 1913 சனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டதும் துறைமுக எழுத்தர் என்றே. இராயபுரத்துக்குத் தெற்கே, கப்பற் சரக்கின் வரவுசெலவு எழுதப்பட்ட அந்த அலுவலகத்தில் அவர் பணியாற்றிய காலம் ஏறத்தாழ 14 மாதங்களே.

துறைமுகக் கணக்கு கூட்டலும் கழித்தலும் சார்ந்தது. அவர் மனம் ஈடுபட்டதோ எண்ணின் உள்ளமைப்பில். 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அவரது நெடுங்கட்டுரை உயர் பகு எண்களைப் பற்றியது. தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளை உடையது உயர் பகு எண். 12க்கு 6 வகுத்திகள். அதனிற் சிறிய எதற்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் அடுக்குகள் 2இலிருந்து தொடங்கி ஏறாமலே செல்லும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் அவர் நிறுவினார்.

அக்கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. இறுதியானது 67,46,32,83,88,800, அதாவது 2⁶·3⁴·5²·7²·11·13·17·19·23. அடுக்கு ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை 10,080 எனக் கிடைக்கும். கணிப்பொறி இல்லாக் காலத்தில் இவ்வளவு தொலைவு சென்றது வியப்புக்குரியது.

ஆயினும் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. அதன் இருபுறமும் நிற்கும் 2,40,94,02,99,600 (வகுத்திகள் 4,800), 3,21,25,37,32,800 (வகுத்திகள் 5,376) ஆகிய இரண்டும் 23 என்னும் பகா எண் வரை நீள்கின்றன. விடுபட்டது 19உடன் நின்று, 7ஐ இருமுறை கொள்கிறது. அண்டை எண்களினின்று வேறுபட்ட இவ்வமைப்பே கண்ணுக்குத் தப்பக் காரணமாகியிருக்கலாம். கோட்பாட்டில் பிழையில்லை, அவர் நிறுவிய அடுக்கு விதிகள் அனைத்துக்கும் இவ்வெண் பொருந்துகிறது. கைக்கணக்கின் சறுக்கலைக் கொண்டு அவரது முறையை ஐயுறுவது தவறு. பிழையே இல்லாத மேதை என்று புனைவதும் அவ்வாறே.

இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கழகத்தின் பணநெருக்கடியால் அன்று அச்சேறாத பகுதி நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல்தான் வெளிவந்தது. விடுபட்ட எண்ணோ பட்டியலுக்கு அப்பாற்பட்டதன்று: அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் இறுதி எண்ணே.