வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி

ஐபோனில், ஒருவரைத் தெளிவாகவும் மற்றதை மங்கலாகவும் காட்டும் சினிமாட்டிக் முறையில் எடுத்த வீடியோவைத் திருத்தத் திறந்தால், காட்சிகள் வரிசையாக ஓடும் பட்டைக்கு அடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எங்கே வெட்டலாம் என்று போன் யோசனை சொல்வதாக நினைத்துக்கொள்வது எளிது. வெட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நொடியில் ஃபோகஸ் ஒருவரை விட்டு இன்னொருவருக்குப் போனது என்பதன் பதிவு அது. 2021 செப்டம்பரில் ஐபோன் 13 அறிமுகமானபோது இந்தப் புள்ளியும் கூடவே வந்தது. அதன் பூர்வீகம் மட்டும் படப்பிடிப்புத் தளம்.

சினிமா கேமராவை ஒட்டி ஒருவர் நிற்பார். பெயர் ஃபோகஸ் புல்லர். கேமராவின் உடம்பில், ஒரு வட்டத்தைக் கோடு ஊடறுப்பதுபோல ஒரு குறி இருக்கும். ஃபிலிமோ சென்சாரோ உள்ளே சரியாக எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும். அங்கிருந்து டேப் பிடித்து நடிகரின் கண் வரைக்கும் அளப்பார். நடிகர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டுவார்கள். லென்ஸைத் திருப்பும் சக்கரத்தில் ஒரு வெள்ளைத் தகடு உண்டு. ஒவ்வொரு தூரத்துக்கும் அதில் பென்சிலால் ஒரு கோடு. ஒத்திகையின்போது போட்ட கோடுகளை நம்பித்தான் டேக்கில் கை திரும்பும். நடிகர் அரையடி தள்ளி நின்றால் முகம் மங்கிவிடும். மங்கியது மங்கியதுதான், மறுபடி எடுக்க வேண்டும். படம் நன்றாக வந்தால் யாருக்கும் கண்ணில் படாத வேலை இது.

1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ இந்த வேலையின் உச்சம். மெழுகுவத்தி எரியும் காட்சிகளை அந்த வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பிடிவாதமாக இருந்தார். நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அவ்வளவு அகலமாகத் திறக்கும் லென்ஸில், தெளிவாகத் தெரியும் ஆழம் மிகவும் குறைவு. ஃபோகஸ் புல்லர் டக்ளஸ் மில்ஸம், பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு முன்பின் நகர்கிறார் என்பதைத் திரையில் பார்த்தபடியே ஃபோகஸைத் திருப்பினார்.

எடுத்து முடித்த பிறகு ஃபோகஸை மாற்ற முடியுமா? ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ரென் இங் அதைத்தான் கேட்டார். அவர் தொடங்கிய லைட்ரோ நிறுவனத்தின் கேமரா 2012இல் விற்பனைக்கு வந்தது. படம் எடுத்த பின் எங்கே தொடுகிறோமோ அங்கே தெளியும். 2016இல் சினிமாவுக்கென்றே ஒரு பெரிய கேமராவையும் காட்டினார்கள். 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. யோசனை நல்லது, கேமராதான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆப்பிள் வேறு வழியில் போனது. போனின் சென்சார் சின்னது என்பதால் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் எல்லாருமே ஏறக்குறைய தெளிவாகத்தான் விழுகிறார்கள். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கை வீடியோவோடு சேர்த்துத் தனியாக எழுதிக்கொள்கிறது போன்; மங்கலைப் பிறகு பூசிக்காட்டுகிறது. ஆக, ஃபோகஸ் மாறுவது என்றால் இங்கே லென்ஸ் திரும்புவதில்லை. “இந்த நொடியிலிருந்து இவர்” என்று ஒரு குறிப்பு விழுகிறது, அவ்வளவுதான். பென்சில் கோடு காட்சிக்கு முன்னால் போடப்பட்டது. இந்தப் புள்ளியோ காட்சி ஓடும்போதே விழுகிறது, பின்னால் மாற்றவும் இடம் கொடுக்கிறது.

யார்மேல் ஃபோகஸ் என்று போன் எப்படி முடிவு செய்கிறது? ஒளிப்பதிவாளர்களிடம் பேசித் தெரிந்துகொண்ட இலக்கணம் அது என்கிறார்கள் ஆப்பிளின் வடிவமைப்பாளர்கள். முன்னால் இருப்பவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் ஃபோகஸ் பின்னால் போகும். புதிதாக ஒருவர் சட்டத்துக்குள் வந்தால் அவரிடம் போகும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் இது அழகாகவே வேலை செய்யும். கல்யாண மேடையில்? ஆளாளுக்குத் தலை திருப்புவார்கள். புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

மஞ்சள் புள்ளி அதற்குத்தான். வெள்ளை போன் எடுத்த முடிவு. வட்டத்துக்குள் நிற்கும் மஞ்சள் நாம் எடுத்தது. முகத்தை ஒருமுறை தட்டினால் ஃபோகஸ் அவருக்கு மாறும். இருமுறை தட்டினால் அவரை விடாமல் பின்தொடரும். அழுத்திப் பிடித்தால் ஆள் நகர்ந்தாலும் அந்தத் தூரத்திலேயே நிற்கும். மஞ்சளைத் தொட்டு அழித்துவிட்டால் போனின் பழைய முடிவு திரும்ப வந்துவிடும். என்னைக் கேட்டால், வெள்ளைப் புள்ளி நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். யாருடைய காட்சியோ அவரை இருமுறை தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஐந்து நிமிட வீடியோவின் பட்டையில் மஞ்சளாகவே தெரிந்தால் ஃபோகஸ் தாவிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்; பார்க்கிறவருக்குக் கண் வலிக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வாட்ஸாப்பில் அனுப்பினால் மங்கல் படத்தோடு ஒட்டிப்போய்விடும், புள்ளிகள் போகாது. வாங்குகிறவர் தன் ஐபோனில் ஃபோகஸை மாற்ற வேண்டுமென்றால் ஏர்டிராப்பில் அனுப்பலாம். அப்போதும் படத்தின் எல்லாத் தரவையும் சேர்த்து அனுப்பும் தேர்வை முதலில் இயக்கியிருக்க வேண்டும்.