கடற்பாசிச் சாறும் கரும்பின் கழிவுப்பாகும்

கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் வழியில் உள்ள நெல்லிக்குப்பம், தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் சர்க்கரையோடு சேர்த்தே நினைக்கப்படும் ஊர். பாரி நிறுவனத்தாரின் சர்க்கரைத் தொழில் 1842-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கிவிட்டது. பின்னாளில் பாரி மிட்டாயும் இவ்வூரில் தயாராயிற்று. அந்த மிட்டாய் நிறுவனத்தை 2004-ஆம் ஆண்டில் கொரியாவின் லோட்டே குழுமம் விலைக்கு வாங்கியது. கொரியாவுக்கும் நம் கரும்பு வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் கரும்புப் பயிருக்கும் கொரியச் சமையலறைக்கும் இடையே அதைவிட முந்திய தொடர்பு ஒன்று உண்டு. அது இனிப்பின் வழியாக வந்ததன்று. இனிப்பே இல்லாத ஒரு காய்கறிச் சாற்றின் வழியாக வந்தது. அந்தச் சாற்றின் சுவை எதனால் உண்டாகிறது என்ற கேள்வி, கடலடியிலிருந்து சர்க்கரை ஆலையின் கழிவுத் தொட்டி வரை அறிவியலை அழைத்து வந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

அடுப்பில் ஏறும் முதல் நீர்

கொரியர்களின் உணவில் சோறும், கிம்ச்சி எனப்படும் ஊறுகாய்க் காயும், ஒரு சூப்பும் இன்றியமையாதவை. சூப்புக்கு அடிப்படையாக முதலில் ஒரு சாற்றைக் காய்ச்சி வைத்துக் கொள்வார்கள். இறைச்சியைக் காய்ச்சி எடுத்தால் அதற்கு 'யுக்-சு' என்று பெயர். 'யுக்' என்றால் இறைச்சி. 'சு' என்றால் நீர். காய்கறியைக் கொண்டு செய்தால் 'சே-சு', அதாவது காய்கறி நீர். பெயர் வைப்பதில் நம் வழக்கமும் இதுவே. நம்முடைய மிளகு தண்ணீர்தான் ஆங்கிலேயர் நாவில் 'முல்லிகட்டானி' ஆகிச் சீமை வரை சென்றது.

காய்கறிச் சாற்றை மிகுந்த நுட்பத்தோடு வளர்த்தவை கொரியாவின் பௌத்த மடங்கள். அங்கே இறைச்சியும் மீனும் விலக்கு. அவற்றோடு கடும் மணமுள்ள ஐந்து பொருள்களும் விலக்கு. பூண்டும் வெங்காய இனங்களும் அவற்றுள் அடங்கும். பழைய பௌத்த நூல்களின்படி ஐந்தாவது பொருள் பெருங்காயம்! நம் நாட்டில் வெங்காயமும் பூண்டும் விலக்குபவர்கள் அவற்றுக்கு ஈடாகப் பெருங்காயத்தைச் சேர்ப்பார்கள். கொரியத் துறவிகளுக்கோ அந்த வழியும் இல்லை. இறைச்சி, மீன், பூண்டு, வெங்காயம், பெருங்காயம் ஆகிய எதுவுமின்றிச் சாற்றுக்குச் சுவை ஏற்றுவது எப்படி? அவர்கள் கைக்கொண்டவை இரண்டு: உலர்ந்த கடற்பாசி, உலர்ந்த காளான்.

கடற்பாசி என்பது இங்கே கெல்ப் எனப்படும் நீண்ட பழுப்புப் பாசி. கொரிய மொழியில் இதன் பெயர் தாசிமா. குளிர்ந்த கடல்களில் மட்டுமே இது வளரும். மன்னார் வளைகுடாவில் அகர் எடுக்கப் பயன்படும் பாசி வேறு. காளான், பியோகோ எனப்படும் மரக்காளான். ஜப்பானியர் இதை ஷீட்டாக்கே என்பர்.

காய்ச்சும் முறை

வீட்டில் செய்யும் முறை எளிது. உள்ளங்கை அளவான கெல்ப் துண்டு ஒன்று, உலர்ந்த காளான் நான்கைந்து, இரண்டு லிட்டர் குளிர்ந்த நீர் ஆகியவற்றை எடுத்துக் கொள்ள வேண்டும். கெல்ப்பின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பது பூஞ்சை அன்று. பெரும்பாலும் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருளே. ஆகவே கழுவாமல் துணியால் துடைத்தால் போதும். இரண்டையும் நீரில் சில மணி நேரம் ஊற வைத்துப் பின்னர் மெல்லிய தீயில் சூடாக்க வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்குமுன் கெல்ப்பை எடுத்து விட வேண்டும். அதன் பின் வெள்ளை முள்ளங்கித் துண்டுகளையும், மடத்துச் சமையல் அல்லாத வீடுகளில் வெங்காயத்தையும் வெங்காயத்தாளையும் சேர்த்து, அரை மணி நேரம் மெல்லக் காய்ச்சி வடிகட்ட வேண்டும்.

கெல்ப்பை ஏன் கொதிக்க விடக் கூடாது? அதன் சுவைப் பொருள் 60° செ. அளவிலேயே நீரில் நன்கு இறங்கிவிடும். அதற்கு மேல் கொதித்தால் ஆல்ஜினேட் என்னும் வழுவழுப்பான பொருளும் கசப்பும் சேர்ந்து இறங்கும். இதன் காரணத்தை அறியாமலே, பட்டறிவினால் பழைய சமையற்காரர்கள் இந்த எல்லையைக் கண்டுகொண்டார்கள்.

ஒரு பேராசிரியரின் கேள்வி

கெல்ப் சாறு ஜப்பானிலும் அன்றாட உணவே. தோக்கியோ அரசப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிக்குனே இக்கேடா இச்சாற்றின் சுவையைப் பற்றிச் சிந்தித்தார். அது இனிப்பு அன்று. புளிப்பு, உவர்ப்பு, கசப்பும் அன்று. மேல்நாட்டினர் வகுத்த நான்கு சுவைகளிலும் அடங்காத இது எது? நம்முடைய அறுசுவைப் பட்டியலிலும் இதற்குத் தனிப் பெயர் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

ஜெர்மனியில் ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் பயின்று திரும்பியவர் இக்கேடா. கெல்ப்பை நீரில் வடித்து, அதிலிருந்து உப்புகளையும் மானிட்டாலையும் ஒவ்வொன்றாக நீக்கி, இறுதியில் ஒரு படிகத்தை அடைந்தார். அது குளுட்டாமிக் அமிலம். புதிய பொருள் அன்று. 1866-ஆம் ஆண்டிலேயே ரிட்ஹாசன் என்னும் ஜெர்மானியர் கோதுமையின் 'குளூட்டன்' புரதத்திலிருந்து இதைப் பிரித்துப் பெயரும் இட்டிருந்தார். அமிலமாக இருக்கும்போது அதற்குப் புளிப்பே மேலோங்கி நிற்கும். காரத்தோடு சேர்த்து உப்பாக்கியபோது தான் சாற்றின் சுவை வெளிப்பட்டது. 1908-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்த இக்கேடா, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அந்த ஆண்டிலேயே செய்முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

உலர்ந்த கெல்ப் 100 கிராமில் 1 முதல் 3 கிராம் வரை இப்பொருள் தனித்த நிலையில் இருக்கிறது. வேறு உணவுகளிலும் இது உண்டு. பழுத்த தக்காளியில் கணிசமாக உண்டு. தாய்ப்பாலில் தனித்து இருக்கும் அமினோ அமிலங்களுள் மிகுதியானது இதுவே. ஆக, பெயர் தெரியாவிட்டாலும் இச்சுவை நம் ஒவ்வொருவர் நாவுக்கும் பழகியதே. இதை உணரும் ஏற்பி மூலக்கூறுகளை நாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட பிறகு, உமாமி ஒரு தனிச்சுவை என்பதில் ஐயம் நீங்கியது.

காளான் ஏன் உடன் வந்தது?

இன்னொரு கேள்வி எஞ்சியது. கெல்ப் ஒன்றே போதுமானால் காளான் எதற்கு? இதற்கு விடை கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1913-ஆம் ஆண்டில் இக்கேடாவின் மாணவர் கொடாமா, உலர்ந்த சூரை மீனில் இனோசினிக் அமிலம் என்ற மற்றொரு சுவைப் பொருளைக் கண்டார். 1950-களின் இறுதியில் குனினாக்கா என்பவர் அதன் உறவுப் பொருளான குவானிலிக் அமிலத்தையும் ஆராய்ந்தார். உலர்ந்த ஷீட்டாக்கே காளானில் சுவை தருவது இதுவே. பசுங்காளானில் இது குறைவு. உலர்ந்து ஊறிய காளானை மெல்லச் சூடாக்கும்போது, அதன் செல்களில் உள்ள ஆர்.என்.ஏ.யை நொதிகள் சிதைப்பதால் இப்பொருள் பெருகுகிறது. மெல்லிய தீ என்ற சமையல் விதிக்கு இது இரண்டாவது காரணம்.

குனினாக்கா கண்ட பெரிய உண்மை வேறு. குளுட்டாமேட்டும் குவானிலேட்டும் சேரும்போது சுவை வெறும் கூட்டலாகப் பெருகுவதில்லை, பன்மடங்கு உயர்கிறது. குளுட்டாமேட்டு ஏற்பியின் மடிப்பில் பொருந்தியதும், குவானிலேட்டு அருகில் அமர்ந்து அம்மடிப்பைத் திறக்க விடாமல் பிடித்துக் கொள்கிறது என்று இன்று விளக்குகிறார்கள். மீனையும் இறைச்சியையும் விலக்கிய துறவிகள், பாசியையும் காளானையும் ஒரே பானையில் இட்டு இந்த இணைப்பை எப்போதோ கைவசப்படுத்தியிருந்தார்கள்.

பானையிலிருந்து பொட்டலத்துக்கு

இக்கேடாவின் கண்டுபிடிப்பைத் தொழிலதிபர் சுசுக்கி 1909-ஆம் ஆண்டில் 'அஜினமோட்டோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 'சுவையின் மூலம்' என்பது அதன் பொருள். அப்போது அதைக் கெல்ப்பிலிருந்து எடுக்கவில்லை. கோதுமைப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்து எடுத்தார்கள். அமில ஆவியில் உலோகக் கலங்கள் அரித்துப் போனதால் மட்கலங்களைப் பயன்படுத்த நேர்ந்தது.

மறு ஆண்டே, 1910-இல், கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆட்சியோடு பொட்டலமும் வந்தது. விளம்பரங்கள் கொரியக் குடும்பத் தலைவிகளை நோக்கிப் பேசின. மணிக்கணக்கில் சாறு காய்ச்ச வேண்டாம், ஒரு சிட்டிகை போதும் என்றன. 1945-இல் விடுதலை கிடைத்த பின்னும் நாவின் பழக்கம் மாறவில்லை. ஜப்பானுக்குச் சென்று செய்முறையைக் கற்றுத் திரும்பிய இம் தே-ஹோங் என்னும் கொரியர், 1956-ஆம் ஆண்டில் பூசான் நகரில் 'மிவோன்' என்ற உள்நாட்டுத் தூளைத் தயாரித்தார். அப்பெயருக்கும் 'சுவையின் மூலம்' என்பதே பொருள்! 1975-ஆம் ஆண்டில் 'தாசிதா' என்ற மாட்டிறைச்சிச் சுவைச் சூப்புத் தூளும் கடைக்கு வந்தது. பாட்டி காய்ச்சிய சாற்றைப் பேத்தி பொட்டலத்திலிருந்து எடுத்தாள்.

சர்க்கரை ஆலையின் கழிவு

இவ்வளவு தூளுக்கும் கோதுமை கட்டுப்படியாகவில்லை. இங்கே தான் கரும்பு கதைக்குள் நுழைகிறது.

நெல்லிக்குப்பம் போன்ற ஓர் ஊரின் ஆலையில் ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 100 கிலோ சர்க்கரை கிடைக்கும். அதோடு 40 கிலோவுக்குச் சற்று மேல் மொலாசஸ் எனப்படும் கருநிறக் கழிவுப்பாகு மிஞ்சும். இதன் எடையில் பாதியளவு சர்க்கரைதான். ஆனால் இலாபகரமாகப் படிகமாக்க முடியாத சர்க்கரை. நம் நாட்டில் இதன் பெரும்பகுதி எரிசாராயம் ஆக்கப் பயன்படுகிறது.

1956-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிட்டா குழுவினர், சர்க்கரையை உண்டு குளுட்டாமிக் அமிலத்தை வெளியேற்றும் ஒரு பாக்டீரியாவை மண்ணிலிருந்து கண்டெடுத்தார்கள். இன்று அதன் பெயர் கொரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம். பொதுவாக உயிரணுக்கள் இவ்வமிலத்தைத் தம் தேவைக்கு மட்டுமே உண்டாக்கி உள்ளே வைத்துக் கொள்ளும். பயோட்டின் என்னும் வைட்டமின் குறைந்தால் இந்த நுண்ணுயிரின் சவ்வு பலவீனமாகி, அமிலம் வெளியே கசிகிறது. கழிவுப்பாகில் சர்க்கரை மலிவு. ஆனால் பயோட்டினும் மிகுதி. ஆகவே கசிவு நின்றுவிடும். இதற்கு ஒரு வழி கண்டார்கள்: நொதித்தலின் இடையில் சிறிதளவு பெனிசிலின் சேர்ப்பது. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து, இங்கே அதன் சுவரை நெகிழச் செய்து அமிலத்தைக் கசிய வைக்கிறது.

அதன் பின் அமிலத்தில் கோதுமையை வேகவைக்கும் முறை மறைந்தது. குளுட்டாமேட்டுத் தொழில் கரும்பு நாடுகளை நாடிச் சென்றது. தாய்லாந்து, இந்தோனேசியா, பிரேசில் ஆகிய நாடுகளில் ஆலைகள் எழுந்தன. கொரியாவின் மிவோன் நிறுவனமும் 1970-களில் இந்தோனேசியாவுக்குச் சென்றது. குளிர்கடலின் பாசியில் கண்ட சுவையை வெப்ப நாட்டுக் கரும்பின் கழிவு தந்தது.

அச்சமும் உண்மையும்

1968-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், சீன உணவு உண்டபின் மரமரப்பும் படபடப்பும் வருவதாக ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். காரணம் எதுவென்று அவர் உறுதி கூறவில்லை. ஆனால் பழி குளுட்டாமேட்டின் மேல் விழுந்தது. அதன் பின் நடந்த சோதனைகளில், உண்பவருக்கும் உணவு கொடுப்பவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி செய்து பார்த்தபோது, வழக்கமான அளவில் இத்தகைய தொல்லை சீராகத் தோன்றவில்லை. உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1987-ஆம் ஆண்டில் இதற்கு அன்றாட எல்லை எதுவும் குறிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. கெல்ப்பில் உள்ளதும் பொட்டலத்தில் உள்ளதும் ஒரே மூலக்கூறு என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. 'இயற்கை' என்ற சொல் மட்டும் ஒரு பொருளைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. கெல்ப்பையே எடுத்துக் கொள்வோம். நமக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஒரு கிராம் உலர்ந்த கெல்ப்பில் அதைப்போல் பல மடங்கு இருக்கலாம்; ஊறும்போது அதில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடும். தைராய்டு நோயுள்ளவர்கள் இச்சாற்றை மருத்துவரைக் கேட்காமல் அருந்தலாகாது.

அப்படியானால் பானையில் காய்ச்சும் சாற்றுக்கு இனி வேலை இல்லையா? உண்டு. பொட்டலம் தருவது ஒரு பொருளை. பானை தருவது பலவற்றை. முள்ளங்கியின் இனிமையும் காளானின் மணமும் குளுட்டாமேட்டில் இல்லை. சூப்புத் தூள்களில் முதலிடம் பெறுவது பெரும்பாலும் சாதாரண உப்பே. எவ்வளவு உப்பு என்பதைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. வீட்டுச் சாற்றில் அதைத் தீர்மானிப்பவர் காய்ச்சுபவரே. கெல்ப் கிடைக்காத நம் ஊரில் நன்கு பழுத்த தக்காளி, வெயிலில் உலர்த்திய காளான், முள்ளங்கி, வெங்காயம் கொண்டு இதே விதிகளின்படி ஒரு நல்ல சாறு காய்ச்சலாம்.

இந்த வரலாற்றில் யாரும் வீணாக உழைக்கவில்லை. பெயரறியாத சமையற்காரர்கள் சுவையைக் கண்டார்கள். வேதியியலார் அதன் பெயரைக் கண்டார்கள். நுண்ணுயிரியலார் அதை மலிவாக்கினார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே. கரும்பு விளைந்த நாடுகள் கழிவுப்பாகை நெடுங்காலமாகவே பெற்றிருந்தன. அதற்குள் ஒரு சூப்பின் சுவை அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள், கரும்பைப் பார்த்து அல்ல, தம் வீட்டுப் பானையைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள். நம் ரசச் சட்டியிலும் அத்தகைய கேள்விகள் இன்னும் பல கொதித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் நம் மாணவர்களே.