மனித மரபணுத்தொகுதி: காப்பாற்றப்பட்ட வாக்கும் கைவிடப்பட்ட வாக்கும்

2000ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் வெள்ளை மாளிகையில் நின்று, மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு தயாராகிவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். அரச திட்டத்தின் தலைவர் பிரான்ஸிஸ் கொலின்ஸும் செலெரா என்ற தனியார் கம்பனியின் தலைவர் கிறெக் வென்டரும் அவருடன் நின்றனர். உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களை அலங்கரித்த அந்தப் புகைப்படத்தைப் பற்றிப் பல தடவைகள் நான் யோசித்ததுண்டு. இந்த வரலாற்றில் மிக முக்கியமானவர்கள் என்று நான் கருதும் இருவர் அதில் இல்லை. ஒருவர் ஜோன் சல்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. மற்றவரின் பெயர் எவருக்கும் தெரியாது.

மனித உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் நான்கு இரசாயன எழுத்துக்களால் ஆன ஏறத்தாழ 300 கோடி எழுத்துத் தொடர் இருக்கிறது. அதனை முழுமையாக வாசிக்கும் திட்டம் 15 வருடங்கள், 300 கோடி டொலர் என்ற மதிப்பீட்டுடன் 1990இல் முறைப்படி ஆரம்பமானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் அதன் முதல் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் வொட்சன். 1988இல் பதவியேற்றபோதே, திட்ட நிதியில் ஒரு பகுதியை அறநெறி மற்றும் சட்டப் பிரச்சினைகளை ஆராய ஒதுக்கப்போவதாக எவரையும் கலந்தாலோசிக்காமல் செய்தியாளர்களிடம் கூறிவிட்டார். 3 சதவீதமாகத் தொடங்கிய அந்த ஒதுக்கீடு பின்னர் 5 சதவீதமானது. (இனங்களின் அறிவாற்றல் பற்றித் தெரிவித்த கருத்துக்களால் 2007இல் தனது மரியாதையை இழந்தவரும் இதே வொட்சன்தான். வரலாற்றுக்கு இப்படியான குறும்புகள் உண்டு.)

அதே நிறுவகத்தில் பணியாற்றிய வென்டர் மரபணுத் துண்டுகளை வேகமாக வாசிக்கும் முறையொன்றைக் கையாண்டார். 1991இல் அத்துண்டுகளுக்கு, அவை உடலில் என்ன வேலை செய்கின்றன என்பது தெரியாத நிலையிலேயே, நிறுவகம் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. வொட்சன் பகிரங்கமாக எதிர்த்தார். நிறுவகத்தின் பணிப்பாளர் பேர்னடீன் ஹீலியுடன் மோதல் முற்றி 1992 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்த வருடம் கொலின்ஸ் அவரது இடத்துக்கு வந்தார். 1994இல் விண்ணப்பங்கள் கைவிடப்பட்டன. ஆனால் மனித மரபணு எவருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அக்கேள்விக்கு நடைமுறையில் விடை கண்டவர் சல்ஸ்டன். ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள புழுவொன்றின் உயிரணுக்கள் பிரிவதை நுணுக்குக்காட்டியின் முன் வருடக்கணக்காக அமர்ந்து பதிவு செய்தவர் அவர். அந்தப் புழுவின் மரபணுத்தொகுதியை அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலிருந்த றொபேர்ட் வோட்டர்ஸ்டனுடன் சேர்ந்து வாசித்தபோது, முடிவுகளைச் சூட்டோடு சூடாக ஏனைய ஆய்வாளர்களுக்கும் வழங்குவது அவர்களது வழக்கமாயிருந்தது. 1996 பெப்ரவரியில் வெல்கம் அறக்கட்டளையின் ஏற்பாட்டில் பேர்முடாத் தீவில் நடைபெற்ற கூட்டத்தில் அந்த வழக்கத்தையே முழு உலகுக்குமான விதியாக்க அவர் முனைந்தார். ஆயிரம் எழுத்துக்களுக்கு மேற்பட்ட எந்தத் தொடரும் 24 மணி நேரத்துக்குள் பொதுத் தரவுத்தளத்துக்குச் செல்ல வேண்டும் என்று அவர் வெண்பலகையில் எழுதினார். கூடியிருந்தோர் இணங்கினர்.

இது வெறும் இலட்சியப் பேச்சன்று. கூரிய நிர்வாகத் தந்திரமும் ஆகும். கண்டுபிடித்ததைக் கட்டுரையாக வெளியிடும்வரை பூட்டி வைப்பது விஞ்ஞானிகளின் பழைய பழக்கம். 24 மணி நேர விதி அதனை உடைத்தது. எந்த ஆய்வுகூடம் எதனை முடித்தது, எது சொன்னதைச் செய்யவில்லை என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பகிரங்கமான தரவுக்கு எவரும் பிறகு வந்து வேலி போடுவதும் கடினம். பல நாடுகளில் சிதறிக் கிடந்த ஆய்வுகூடங்களை, எவரும் எவருக்கும் கட்டளையிட முடியாத நிலையில், ஒரே வரியால் கட்டிப்போட்ட தலைமைத்துவம் அது.

1998 மே மாதத்தில் வென்டர், மூன்று வருடங்களில் மிகக் குறைந்த செலவில் தாமே முடித்துவிடுவதாக அறிவித்துக் களமிறங்கினார். உடனடியாகவே வெல்கம் அறக்கட்டளை சல்ஸ்டனின் சாங்கர் நிலையத்துக்கான நிதியைப் பெருமளவு உயர்த்தியது. செலெரா பொதுத் தரவுகளைப் பயன்படுத்தியது. தனது தரவுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2000ஆம் ஆண்டு ஜூனில் கலிபோர்னியாவின் சாண்டா குறூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் கென்ட் என்ற ஆய்வு மாணவர் நான்கு வாரங்கள் இரவுபகலாக நிரலெழுதி, பொதுத் திட்டத்தின் துண்டுகளை ஒன்றிணைத்திருக்காவிட்டால் வெள்ளை மாளிகை மேடை வேறுவிதமாக இருந்திருக்கும். கட்டுப்பாட்டின் விலை என்ன என்பதைப் பொருளியலாளர் ஹைடி வில்லியம்ஸ் பின்னர் கணித்தார். செலெரா சிறிது காலம் வைத்திருந்த மரபணுக்களில் பிற்கால ஆய்வும் உற்பத்தியும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருந்ததை 2013இல் வெளியான அவரது கட்டுரை காட்டியது. அதே வருடம் ஜூனில், இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

இதுவரை சொன்னது காப்பாற்றப்பட்ட வாக்கின் கதை. மற்றையதை அறியாமல் இத்திட்டத்தைப் போற்றுவது பாதி வரலாறாகிவிடும்.

1997 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நியூஸ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியானது. மரபணுத் திட்டத்துக்குக் குருதி வழங்கப் பத்து ஆண்களும் பத்துப் பெண்களும் தேவை என்றது அது. பத்திரிகையாளர்களாகிய நாங்கள் விளம்பரங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நாள் இதழில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த விடயம் அதுதான். ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் முன்வந்தோரிடம் குருதி பெறப்பட்டு, பெயர்கள் அகற்றப்பட்டன. அவர்கள் ஒப்பமிட்ட சம்மதப் படிவம், எந்தவொரு தனிநபரின் பங்கும் இறுதித் தொடரில் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது என்று கூறியது.

நடந்தது வேறு. ஆர்.பி.11 என்ற குறியீடு கொண்ட ஒரே ஆணின் மாதிரியிலிருந்து ஏறத்தாழ 70 சதவீதம் எடுக்கப்பட்டது. அந்த மாதிரியிலிருந்து தயாரித்த தொகுப்பு மிகத் தரமானது என்பது உண்மையே. செலெராவுடனான ஓட்டப்பந்தயத்தின் அவசரமும் இதில் பங்கு வகித்தது என்பது எனது கணிப்பு. 2024இல் அன்டார்க் என்ற இணைய சஞ்சிகை பழைய ஆவணங்களைத் துருவி இந்த முரண்பாட்டை விரிவாக வெளிக்கொணர்ந்தது.

சல்ஸ்டனின் விதியே இங்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. எவரும் திரும்பப் பெற முடியாதபடி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஏறியது அந்த மனிதனின் உடல். அறநெறிக்கு 5 சதவீதம் ஒதுக்கிய திட்டத்தில், அம்மனிதனுக்குக் கொடுத்த 10 சதவீத வாக்கைக் காவல் காக்க ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. உலகுக்கு அளித்த வாக்கை ஆயிரம் கண்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தன; பஃபலோவில் ஒரு படிவத்தில் அளித்த வாக்கை எவரும் பார்க்கவில்லை.

சல்ஸ்டன் 2002இல் நோபல் பரிசு பெற்று, 2018இல் காலமானார். வொட்சன் 2025 நவம்பரில் மறைந்தார். 2023இல் 47 பேரின் மரபணுத்தொகுதிகளைக் கொண்ட புதிய வரைபடமொன்றின் முதற்பதிப்பு வெளியாகிவிட்டபோதிலும், உலகின் ஏராளமான ஆய்வுகூடங்களும் வைத்தியசாலைகளும் இன்றும் பழைய ஆதாரத் தொடருடன்தான் நோயாளர்களின் மரபணுக்களை ஒப்பிடுகின்றன. அதில் பெரும்பகுதி அந்த ஒருவருடையது. அவரது மூதாதையரில் ஆபிரிக்கர்களும் ஐரோப்பியர்களும் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2010இலேயே எழுத்துக்களைப் பார்த்துச் சொல்லிவிட்டனர். ஆயினும் அந்த எழுத்துக்கள் தன்னுடையவை என்பதை அவரிடம் சொன்னவர் எவருமில்லை.