பொன்னியின் செல்வனும் உடையார்குடிக் கல்வெட்டும்

பொன்னியின் செல்வன், கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) எழுதிய வரலாற்றுப் புனைவு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் தொடராக வெளிவந்தது. முதலாம் ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட நிகழ்வே ஐந்து பாகங்கள் கொண்ட இந்நாவலின் மையம். அக்கொலையைப் பற்றிய முதன்மைச் சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. கல்வெட்டு சொல்வதற்கும் நாவல் சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவு, தமிழ் வாசகர்கள் சோழர் வரலாற்றைப் புரிந்துகொண்டுள்ள முறையோடு நேரடித் தொடர்புடையது.

களம்

கல்கி பிறந்த புத்தமங்கலம் பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். தாம் பிறந்து வளர்ந்த காவிரிப் படுகையையே அவர் நாவலின் களமாக்கினார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியுடன் கதை தொடங்குகிறது. இன்று வீராணம் என்று அழைக்கப்படும் அந்த ஏரியை அடுத்தே காட்டுமன்னார்கோயில் உள்ளது. சோழர் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட பிரமதேய ஊர் இதுவே. கொலையாளிகளின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு இருக்கும் ஊரின் அருகிலேயே நாவல் தொடங்குகிறது.

கல்வெட்டு

உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இது கொலை வழக்கின் தீர்ப்பு அன்று. நிலம் பற்றிய ஆவணம். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்றவர்கள் துரோகிகள் எனக் குறிக்கப்பட்டு, அவர்களுடைய உடைமைகளும் உறவினர்களின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டதை அது தெரிவிக்கிறது. அவ்வாறு கைக்கொள்ளப்பட்ட நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் அறத்துக்கு அளித்தார். அந்த அறத்தைப் பதியவே கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கொலைச் செய்தி அதில் போகிற போக்கில்தான் இடம்பெறுகிறது.

சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகிய சகோதரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு அளித்த பட்டம். கொலை எங்கே நடந்தது, எதற்காக நடந்தது, பின்னணியில் யார் இருந்தார்கள் என்பது பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை.

ஆய்வாளர்களின் விவாதம்

ஆதித்தன் மறைந்தபின் அரியணை ஏறியவர் அருள்மொழிவர்மன் அல்லர். அவருடைய சிற்றப்பன் முறையான உத்தம சோழன். உத்தமனின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆட்சி முடிந்த பிறகே பறிமுதல் பற்றிய செய்தி கிடைக்கிறது. இதைக் கொண்டு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது ஐயம் எழுப்பினார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். குடவாயில் பாலசுப்ரமணியனும் கல்வெட்டை மீள்வாசிப்பு செய்து, உத்தமனைக் குற்றவாளியாக்க அதில் சான்று இல்லை என வாதிட்டார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியில் கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருந்ததும் உத்தமனுக்குச் சாதகமான செய்தி.

திருவாலங்காட்டுச் செப்பேடு இந்நிகழ்வை வேறுவிதமாகக் கூறுகிறது. ஆதித்தனுக்குப்பின் நாட்டை ஆளுமாறு மக்கள் வேண்டியும், சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் நினைக்கவில்லை என்கிறது. தியாக சிகரம் எனப் பெயரிடப்பட்ட ஐந்தாம் பாகத்தின் கரு இதுவே.

புனைவு

கல்வெட்டிலிருந்து கல்கி எடுத்துக்கொண்டவை பெயர்கள். ரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் நாவலில் பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் ஆபத்துதவிகளாகிறார்கள். கொலை நிகழும் கடம்பூர் மாளிகை கற்பனை. நந்தினியும் முழுமையான கற்பனைப் பாத்திரம். வந்தியத்தேவன் குந்தவையின் கணவனாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குறிக்கப்படுபவன். அவனுடைய துடுக்கும் சாகசங்களும் கல்கி அளித்தவை.

ஆதித்தன் இறப்பான் என்பது வரலாறு அறிந்தவர்களுக்கு முன்பே தெரியும். அவனைக் கொன்ற கை எது என்பதை நாவல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. சான்றுகள் மௌனம் காக்கும் இடத்தில் கல்கியும் முடிச்சை அவிழ்க்காமல் விட்டார்.

கிரேக்க மரபுடன் ஒப்பீடு

முடிவு தெரிந்த கதையை மீண்டும் கேட்பதில் உள்ள சுவை கிரேக்க மரபிலும் உண்டு. டிராய் போரிலிருந்து திரும்பிய அகமெம்னான் மன்னன் கொல்லப்பட்டது அனைவரும் அறிந்த கதை. ஆனால் கொன்றவர் யார் என்பதில் ஒவ்வொரு மறுகூறலும் வேறுபடுகிறது. ஹோமரின் ஒடிசியில் ஏகிஸ்தஸ் முதன்மைக் கொலையாளி. கி.மு. 458-இல் அரங்கேறிய எஸ்கிலஸின் நாடகத்தில் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவே கொல்கிறாள். 2017-இல் அயர்லாந்து எழுத்தாளர் கோல்ம் டோபீன் அவளையும் பேசவைத்து நாவல் எழுதினார்.

ஒரு முக்கிய வேறுபாடும் உள்ளது. அகமெம்னான் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. 1876-இல் மைசீனியில் ஷ்லீமன் அகழ்ந்தெடுத்த பொன் முகமூடி அவன் பெயரால் வழங்கினாலும், அது டிராய் போருக்குச் சொல்லப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. ஆதித்த கரிகாலனோ கல்வெட்டுகளில் இடம்பெற்ற மனிதன். அவனைக் கொன்றவர்களாகப் பெயர் பொறிக்கப்பட்டவர்களும் அவ்வாறே.

தாக்கம்

2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த இருபாகத் திரைப்படம் நாவலைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசென்றது. நந்தினி வரலாற்றுப் பாத்திரம் என்றும், கடம்பூரில்தான் கொலை நடந்தது என்றும் நம்புவோர் உண்டு. எழுபது ஆண்டுகளாக வாசிக்கப்படும் புனைவின் வலிமைக்கு இது சான்று. அதன் விளைவுகளில் ஒன்றும்கூட. உடையார்குடிக் கல்வெட்டு ஒரு நிலத்தின் கைமாற்றத்தையும் சில பெயர்களையும் மட்டுமே தருகிறது. நாவல் கற்பனையால் நிரப்பிய வெற்றிடம் வரலாற்றில் இன்றும் அப்படியே உள்ளது.