அரசூழியர் பதவியும் நீதிமன்றமும்

ஒருவரைப் பணியினின்று நீக்கும் ஆணை பிறந்தவிடத்து, அவர் குற்றம் புரிந்தாரோ இலரோ என்று உலகத்தார் வினவுவர். வழக்கறிஞரோ ஆணையிற் கையொப்பமிட்டவர் யாவர் என்பதனையே முதற்கண் நோக்குவர். நம் சங்கத்தாருள் அரசாங்க உத்தியோகத்திலும் ஆலைகளிலும் அமர்ந்தோர் பலராதலின், இதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவாம்.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி, அரசூழியர் மன்னர் விரும்புங்காறுமே பணியிலிருத்தற்குரியர். எனினும், நியமித்தவர்க்குக் கீழ்ப்பட்டவர் நீக்கலாகாது என்னும் காப்பு அச்சட்டத்திலேயே இருந்தது. விசாரணை முறையோ விதிகளில் மட்டும் இருந்தது. இவ்வேற்றுமை சிறிதெனத் தோன்றும். சென்னை மாகாணத்தார் இருவர்க்கு இதுவே வாழ்வும் தாழ்வும் ஆயிற்று.

அரசாங்க அச்சகத்துப் பணியாளர் வேங்கடராவ், விதிப்படி விசாரணை நிகழவில்லை என்று முறையிட்டார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ரங்காச்சாரி, தம்மை நீக்கியவர் அதிகாரமற்ற கீழலுவலர் என்றார். இரு வழக்கும் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன. தீர்ப்புகள் 1937ஆம் ஆண்டுத் திரட்டில் அடுத்தடுத்து வெளிவந்தன. விதி மீறப்பட்டமைக்கு மேலதிகாரிகளிடம் முறையிடலாமேயன்றி வழக்கிடலாகாது என்பது முன்னவர் பெற்ற விடை. பின்னவரை நீக்கிய ஆணையோ செல்லாதென முடிந்தது. அரசு தான் வகுத்த விதியைத் தானே மீறினும் கேட்பாரில்லை என்பது நமக்கு நெறியாகத் தோன்றவில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை ஒருவாறு நீக்கிற்று. எடுக்கக் கருதிய நடவடிக்கைக்கு எதிராகக் காரணங்காட்டத் தக்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்பதனை அதன் 240ஆம் பிரிவு சட்டத்துள்ளேயே வைத்தது. அதனைப் பற்றி நின்றே, 1940இல் நீக்கப்பட்ட ஐ.சி.எஸ். அலுவலர் லால் 1948இல் பிரிவி கவுன்சிலில் வென்றார். வென்றும், நிலுவைச் சம்பளத்தை வழக்கிட்டுப் பெறல் இயலாது என்றனர்! பதவி உண்டு, ஊதியம் இல்லை என்பது விந்தையன்றோ? பீகார் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றமே அத்தடையை அகற்றிற்று.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இக்காப்புகளை 311ஆம் உறுப்பில் ஏற்றது. தண்டனையைக் குறித்து மறுமுறை கேட்கும் வாய்ப்பை மட்டும் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

தனியார் நிறுவனத் தொழிலாளர்க்கு இவ்வுறுப்பு உதவாது. அவர்க்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வேறு வழி திறந்தது. நீக்கப்பட்டவரை மீண்டும் பணியிலமர்த்த ஆணையிடத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமுண்டென்று 1949இல் பெடரல் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. அச்சட்டம் சமரசப் பேச்சில் வழக்கறிஞரை முற்றும் விலக்கிற்று. தீர்ப்பாயத்திலோ, எதிர்த்தரப்பார் இசைந்து தீர்ப்பாயமும் விடை தந்தாலன்றி அவர் வாய் திறத்தற்கில்லை.