தலைக்கோலும் தளிச்சேரிக் கல்லும்

புலவன் மறைந்தாலும் ஏட்டில் பாட்டு நிற்கும். சிற்பி மறைந்தாலும் கல்லில் வடிவு நிற்கும். ஆடல்மகளின் கால் ஓய்ந்த அளவிலே ஆடல் இல்லையாகிவிடுகிறது. எனவே பழந்தமிழ்க் கூத்தின் வரலாற்றைத் தேடப் புகும் நாம் காண்பது கூத்தையன்று. அதனைச் சூழ்ந்திருந்த பொருள்களையே.

அவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது தலைக்கோல். மாற்றரசனிடம் கவர்ந்த வெண்கொற்றக் குடையின் காம்பில், கணுக்கள்தோறும் நவமணி பதித்து, இடையே பொற்றகடு பொதிந்து அதனைச் செய்தனர் என்கிறது சிலம்பின் அரங்கேற்று காதை. பொற்குடத்து நீராட்டி, மாலை சூட்டி, யானையின் கையில் தந்து கொணர்ந்து அரங்கில் அமைத்த பின்னரே மாதவி ஆடினாள். போரில் வென்ற பொருள் கூத்தின் தெய்வமானது வியப்புக்குரியது. அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு, உயரம் ஒன்று. பலகை மக்கிப் போயிற்று. அளவு பாட்டில் தங்கிற்று.

காவியம் விடுத்துக் கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில், கி.பி. 1014ஐ ஒட்டி முதலாம் இராசராசன் வெட்டுவித்த பட்டியல் ஒன்று உள்ளது. சோழமண்டலத்துப் பிற கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. எத்தெரு, எச்சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு எவ்வூர்க் கோயிலைச் சார்ந்தவள் என்பன எல்லாம் உண்டு. ஆரூர், பழையாறு, நாகப்பட்டினம் எனப் பல ஊர்கள். பெயர்களுக்கு முன் பெரும்பாலும் ‘நக்கன்’ என்னும் அடை. சிவபெருமானின் பெயர் அது. ஒருத்திக்கு ஆண்டொன்றுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். அளந்த மரக்காலின் பெயரும் ‘ஆடவல்லான்’! இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ, அடுத்த முறையுடையார் அப்பணி செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையேல், தக்காரைத் தேர்ந்து அமர்த்தவேண்டும்.

பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு வந்து, பெயருக்கு முன் சொந்த ஊரின் எழுத்தைச் சுமக்கும் நம்மவருக்கு இவ்வரிகள் அயலாகத் தோன்றா. ஆனால் நாம் விரும்பி வந்தோம். அப்பெண்டிர் விரும்பி வந்தனரா என்பதைக் கல் சொல்லவில்லை. நெல்லின் கணக்கைச் சொன்ன கல், அவர்கள் எதனை எவ்வாறு ஆடினர் என்பதையும் சொல்லவில்லை.

ஆடலின் வடிவம் வேண்டின் சிதம்பரம் செல்லவேண்டும். அங்கே கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் பெண்ணுருவங்கள் ஆடுகின்றன. நாட்டிய சாத்திர சுலோகங்களும் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெண்களுக்குப் பெயர் இல்லை.

தஞ்சையிலும் கரணச் சிற்பங்கள் இல்லாமல் இல்லை. விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில், பொதுமக்கள் எளிதிற் காணாத இடத்தில் அவை அமைந்துள்ளன. ஆடுபவர் நான்கு கரமுடைய சிவபெருமான். 81 கரணங்கள் முற்றுப்பெற்றன. அவற்றை அடுத்து, எஞ்சிய 27 கரணங்களுக்கான கற்கள் உளிபடாமல் அப்படியே நிற்கின்றன.